வடக்குப் பக்கத்து கோல்கள்

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் மயங்கி விழவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதைத் திருத்திவிடுகிறேன். குடிநீர் வாரிய அணி துறைமுக அணியைத் தோற்கடித்த அன்று உன் அக்கா கேலரியில் எழுந்து குதித்தாள், கூச்சல் போட்டாள், தலை சுற்றி மயங்கி விழுந்தாள் என்று உன் மருமகன் உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறான். பெற்ற பிள்ளை சொன்னாலும் பொய் பொய்தான். எழுபத்து நான்கு வயதில் நான் குதிப்பதில்லை. கோல் விழுந்தபோது உட்கார்ந்தபடியே கை தட்டினேன். ஆட்டம் முடிந்து பதினான்காம் வரிசையிலிருந்து இறங்கும்போது, யாரோ ஒழுங்கில்லாதவர் போட்டுவிட்டுப் போன காகிதக் கோப்பையை மிதித்துச் சறுக்கினேன். மூன்று படி கீழே போய் நின்றேன். நினைவு ஒரு நொடிகூடத் தப்பவில்லை. தூக்கிவிட்ட மனிதர் என்னைச் சோதிக்கிறாராம்.

“அம்மா, என்ன ஸ்கோர்னு ஞாபகம் இருக்கா?”

“ரெண்டு ஒண்ணு. நாங்க போட்ட ரெண்டாவது அறுபத்தோராவது நிமிஷம். உங்க சட்டையில காபி கொட்டியிருக்கு, பாருங்க.”

மயங்கினவள் சொல்லும் பதிலா இது?

முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இப்போது ஆட்டத்துக்கு வருகிறேன். உன் ஊர் செய்தித்தாளில் நம் ஹாக்கி லீக்குக்கு இரண்டு வரிக்கு மேல் இடமில்லை என்பதால்தானே முப்பது வருடமாக உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு அணிகளில் உன் துறைமுக அணி ஒன்பது வருடமாக முதலிடம். உன் அத்தான் பம்பு நிலையத்தில் வேலை பார்த்த குடிநீர் வாரியத்தின் அணி நான்கு வருடமாகக் கடைசி. அவர் போன பிறகும் அவருடைய அணியை நான் விடவில்லை. அதற்குக் கூலி கிடைத்தது. முதல் கோல் இருபத்திரண்டாவது நிமிடம், பெனால்டி கார்னர். நாற்பதாவதில் உங்கள் ஆட்கள் சமன் செய்தார்கள். பிறகு நம் மீட்டர் (வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் குறித்துப் போகிறவர், எங்கள் வீட்டுக்கும் அவர்தான்) இடது ஓரமாக மூன்று பேரைத் தாண்டி வந்து, குறுக்கே பார்க்காமல், கோல்கீப்பரின் இரண்டு காலுக்கு நடுவே தள்ளினார். கான்வென்ட்டில் நான் இடது பக்கத் தடுப்பில் ஆடியபோது எங்கள் விளையாட்டு சிஸ்டர் சொல்வார்: அழகாக அடிக்காதே, சரியாக அடி. அது சரியான அடி.

உன் மருமகன் இதையே சாக்காக வைத்து, டிசம்பரோடு இந்த வாடகை வீட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தன்னோடு வந்துவிட வேண்டும் என்கிறான். அவன் நல்லவன். ஆனால் அவன் ஊரில் ஹாக்கி கிடையாது. நீ சொன்னால் கேட்பேன் என்று நினைத்து உன்னிடம் தூது விடுவான். நீ சொல்லாதே.

உன் இரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அக்கா

---

ஜூலை 21

அன்புள்ள அக்கா,

வணக்கம். மாத்திரை சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் இதைக் கேட்க வேண்டாம்.

டைப் அடித்து வந்திருக்கிறதே என்று முகம் சுளிக்காதே. எங்கள் பல் செட் கடைக்கு முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். சும்மா கிடக்கிறதே என்று பழகுகிறேன்.

வெற்றிக்கு வாழ்த்து. மனசார. ஆனால் அன்றைக்கு எங்கள் சென்டர் பேக் காய்ச்சலில் படுத்திருந்தான், கார்னர் அடிப்பவன் தேசிய முகாமுக்குப் போயிருந்தான். இது தெரிந்தும் நீ எழுதவில்லை. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி ஒரு நாள் நடக்கும் அக்கா. இன்னொரு தரம் நடந்தால் சொல்லு.

கமிட்டியில் ஒரு புது விதி பேசுகிறார்களாமே? ஒவ்வொரு வருடமும் புதிதாக வரும் ஆட்டக்காரர்களில், கடைசி நான்கு இடத்தில் இருக்கிற அணிகள் முதலில் பொறுக்கிக்கொள்ளலாம், பிறகுதான் மற்றவர்கள் என்று. எனக்கு அது பிடித்திருக்கிறது. பெரிய அணியே எல்லா நல்ல ஆளையும் அள்ளிக்கொண்டு போனால் அது லீக்கா? ஊர்வலம். உன் அணிக்குத்தான் லாபம். நீ ஆதரிப்பாய் என்று நினைக்கிறேன்.

மருமகப் பிள்ளை பேசினான். “மாமா, அம்மாவுக்கு போன்ல வாய் குழறுது. பக்கவாதமா இருக்குமோன்னு பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க”ன்னு அழாத குறை. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்கிறேன்: உண்மையிலேயே நன்றாக இருக்கிறாயா?

உன் தம்பி

---

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அது கடிதம்தானா என்று இரண்டு தடவை பார்த்தேன். வங்கியிலிருந்து வந்தது போல இருக்கிறது. கீழே கையெழுத்துக்கூட அச்சில். டைப் அடித்த கடிதம் கையுறை போட்டுக்கொண்டு கை குலுக்குவது மாதிரி என்று சொன்னவன் நீதான். எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும்.

நான் நன்றாக இருக்கிறேன். வாய் குழறவில்லை. போனில் யார் பேசினாலும் குழறுவது போலத்தான் கேட்கும். இனிமேல் போனில் பேசுவதாக இல்லை, சொல்ல வேண்டியதை எழுதச் சொல்லிவிட்டேன். பிள்ளைக்கும் நல்ல பழக்கம்.

விதியை நான் ஆதரிக்கவில்லை. கடைசியில் இருக்கிறாய், பாவம், நீ முதலில் எடுத்துக்கொள் என்பதற்குப் பெயர் என்ன? இரக்கம். இரக்கப்பட்டுக் கொடுத்த ஆளை வைத்து ஜெயித்தால் அந்த வெற்றியை எந்த முகத்தோடு கொண்டாடுவது? ஜூலை ஐந்தாம் தேதி எங்களுக்கு யாரும் சலுகை தரவில்லை. உங்கள் ஆட்கள் இரண்டு பேர் இல்லை என்றால், எங்கள் ஆட்கள் பதினொரு பேரும் காலையில் குழாய் மாற்றிவிட்டு மாலையில் ஆட வந்தவர்கள். கணக்கு சரியாகப் போயிற்று.

வங்கி அணியோடு நேற்று ஆட்டம், போயிருந்தேன். ஒன்று மூன்று, தோற்றோம். எங்கள் கோல் நன்றாக இருந்தது: மீட்டர் வட்டத்துக்குள் நுழைந்து மட்டையைத் திருப்பிப் பிடித்து அடித்தார், பந்து வலது கம்பத்தின் உள்பக்கம் பட்டு உள்ளே போனது. முதல் பாதியிலேயே அவர்களுக்கும் ஒரு கோல் விழுந்தது. இரண்டாம் பாதியில் வங்கி போட்டது இரண்டு. முதலாவது எங்கள் கோல்கீப்பரின் கால் கவசத்தில் பட்டுத் திரும்பியதை மறுபடி தட்டியது. அடுத்தது கார்னர், தரையோடு, இடது மூலை. கோல்கீப்பர் தவறான பக்கம் சாய்ந்தார். அவர் வாரியத்தில் வால்வு திறப்பவர். எல்லோரும் அவரை வால்வு என்றே கூப்பிடுகிறார்கள். நேற்று “வால்வை மூடுய்யா, மூடுய்யா” என்று ஒரே கூச்சல்.

இரவில் காலுக்குத் தலையணை வைத்துக்கொள்கிறாயா? வீக்கம் வரும் உனக்கு.

அன்புடன்,
அக்கா

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

வணக்கம். பதில் தாமதம். கடையில் வேலை அதிகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் ஜெயித்துப் பார்த்தவன் சொல்கிறேன் கேள். அலுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளைத் திறக்கும்போதே துறைமுகம் ஜெயித்திருக்கும் என்று தெரியும். போன மாதம் நீ ஜெயித்த செய்தியைப் பார்த்தபோது, என் அணி தோற்றதற்கு நான் சிரித்தேன். கடையில் எல்லோரும் “பெரியவருக்கு என்ன ஆச்சு?” என்றார்கள். யார் ஜெயிப்பார் என்று தெரியாத ஆட்டம் எவ்வளவு ருசி என்பதையே மறந்திருக்கிறேன்.

இரக்கம் என்கிறாய். பொத்தான் ஹாக்கி ஞாபகம் இருக்கிறதா? சாப்பாட்டு மேசையில் அப்பாவின் பழைய சட்டைப் பொத்தான்கள் பதினொன்று உனக்கு, பதினொன்று எனக்கு, ஒரு பட்டாணி பந்து. கோட்டுப் பொத்தான் நான்கும் எப்போதும் உன் பக்கம். பெரியது, கனமானது, தள்ளினால் நேராகப் போகும். நான் வரிசையாகப் பதினெட்டு ஆட்டம் தோற்றேன். பத்தொன்பதாவது நாள், நான் கேட்காமலே பெட்டியை என் பக்கம் தள்ளி, “இன்னிக்கு நீ முதல்ல எடு” என்றாய். அன்றைக்கு நான் ஜெயித்தேன். அது எனக்கு இரக்கமாகத் தெரியவில்லை அக்கா. என்னோடு விளையாட உனக்குப் பிடித்திருக்கிறது என்றுதான் தோன்றியது. என் வயது ஏழு.

முழங்கால் எப்படி?

உன் தம்பி

---

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும். இருபத்தெட்டு நாள் எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுகிறாய்.

பொத்தான் விஷயத்தில் திருத்தம். நான் பெட்டியைத் தள்ளியது உன் மேல் உள்ள பிரியத்தால் அல்ல. நீ இனி ஆட மாட்டேன் என்று மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாய், ஆட ஆள் இல்லை. அவ்வளவுதான்.

மூன்று ஆட்டம் சொல்ல வேண்டும். மூன்றிலும் தோல்வி, எனவே சுருக்கமாக. தபால் அணியிடம் பூஜ்யம் இரண்டு. முதல் கோல், அவர்களுடைய நெட்டைப் பையன் வட்டத்தின் விளிம்பில் பந்தை நிறுத்தி, ஒரு நொடி தாமதித்து, வால்வு கீழே விழுந்த பிறகு மேலே தூக்கிப் போட்டான். கெட்டிக்காரத்தனம். இரண்டாம் பாதியில் இன்னொரு கோல் விழுந்தது.

மின்வாரியத்திடம் இரண்டு மூன்று. எங்கள் இரண்டும் முதல் பாதியில்: ஒன்று பெனால்டி ஸ்ட்ரோக், ஒன்று மீட்டரின் கால் தடுமாறி விழுந்துகொண்டே அடித்த அடி, மண் பறந்தது. அந்தப் பாதியிலேயே அவர்களுக்கு இரண்டு கோல் விழுந்தது. பிறகு வால்வு முன்னால் ஓடி வந்து ஏமாந்த அவலத்தை என் கண்ணால் பார்க்க நேர்ந்தது. அது மூன்றாவது.

காவலர் அணியிடம் ஒன்று இரண்டு. அவர்களின் முதல் கோல், எங்கள் தடுப்பாளர் மட்டையில் பட்டு அவரே உள்ளே தள்ளியது. தலையில் கை வைத்துக்கொண்டு கம்பத்தோடு நின்றார். எங்களுக்கு முதல் பாதியில் ஒரு கோல் விழுந்தது, அவர்களுக்கு இரண்டாம் பாதியில் இன்னொன்று.

போன வாரம் மீட்டர் அளவு குறிக்க வந்தார். வாசலில் நிறுத்தி விசாரித்தேன்.

“ஏம்ப்பா, இடது பக்கமே ஓடறியே, வலது பக்கம் பந்து கொடுக்க மாட்டியா?”

“அங்க ஆளே இல்லையேம்மா, யாருக்குக் குடுக்க? புது விதி வந்தா ஒரு வலது பக்கத்து ஆள் கிடைப்பான்.”

“கிடைக்கறதை வாங்கி ஆடறதா?”

“கொடுத்தா வாங்கிக்கறதுல என்னம்மா இருக்கு? நான் சாயங்காலம் ஆறு மணிக்கு மூச்சு வாங்கிட்டு ஆடறேன்.”

அதற்கு நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். அதற்குள் அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போக நேரமாயிற்று.

முழங்கால் சரியாகிவிட்டது.

அன்புடன்,
அக்கா

---

அக்டோபர் 8

அன்புள்ள அக்கா,

வணக்கம். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். கோபப்படாமல் படி.

உன் கடைசி இரண்டு கடிதத்தையும் எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு ஆட்டம், பதினான்கு கோல். அதில் எட்டு கோலை, பந்து எங்கே பட்டது, யார் எந்தப் பக்கம் சாய்ந்தார், மண் பறந்ததா என்பது வரை எழுதியிருக்கிறாய். மீதி ஆறுக்கு “கோல் விழுந்தது”. ஏன் என்று யோசித்தேன். பாதி நேரத்தில் அணிகள் பக்கம் மாறுவதை வைத்துப் பார்த்தால், நீ விவரமாக எழுதிய எட்டும் ஒரே கோல் கம்பத்தில் விழுந்தவை. வடக்குப் பக்கம்.

பதினான்காம் வரிசையில் நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்பவளுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம். வடக்குப் பக்கம் மட்டும் தெரிகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அத்தான் போனபோது உன் வீட்டில் பத்து நாள் தங்கினேனே, உன் சமையலறை ஜன்னல். மைதானத்தின் தெற்குப் பாதியை நூலகக் கட்டடம் மறைத்துக்கொண்டு நிற்கும்.

விழுந்த நாளிலிருந்து நீ மைதானத்துக்குப் போகவே இல்லை. முழங்கால் சரியாகவும் இல்லை.

இன்னொன்று. மருமகப் பிள்ளையிடம் எந்தெந்த வார்த்தை குழறியது என்று குடைந்து கேட்டேன். நாற்பது வருடம் பல் செட் கட்டுகிறவன். முன்பல் இல்லாதவர்கள் எங்கே சறுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். மேல் செட் உடைந்துவிட்டது, அப்படித்தானே? நான் கட்டிக் கொடுத்ததை வேறு யாரிடமும் காட்ட மனசில்லாமல், மூன்று மாதமாகப் பாலில் நனைத்த ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய்.

மருமகனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பக்கவாதம் என்று நினைத்துத்தான் ஒப்பந்தத்தை முடிக்கத் துடிக்கிறான், அதை நினைத்துப் பார்.

உன் தம்பி

---

நவம்பர் 3

அன்புள்ள அக்கா,

வணக்கம். உன்னிடமிருந்து கடிதம் வந்து ஏழு வாரம். முப்பது வருடத்தில் நீ இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததில்லை, அத்தான் போன மாதத்தில்கூட.

கணக்குப் போட்டது தப்பு. நான் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ வடக்குப் பக்கத்து கோல்களை மட்டும் எழுது, எனக்கு அதுவே போதும்.

உன் தம்பி

---

நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

இத்துடன் ஒரு சிறிய பெட்டி வருகிறது. திறக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்க வேண்டாம்.

உன் கணக்கு சரி. ஒரு எண்கூடத் தவறில்லை. அதுதான் எனக்குக் கோபம். இருபது நாள் கோபமாக இருந்தேன், பிறகு வெட்கமாக இருந்தது, அதற்கும் சில நாட்கள் தேவைப்பட்டன.

விழுந்தபோது முழங்காலின் தசைநார் கிழிந்துவிட்டது. எதிர்வீட்டு நர்ஸ் கட்டுப் போடுகிறாள், கடைக்கும் அவளே போய் வருகிறாள். லிஃப்ட் இருப்பதால் தெருவரை போக முடியும். கேலரிப் படிகள் இனி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “இனி” என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

பல் செட் அந்தப் படியிலேயே இரண்டாக உடைந்தது. பெட்டியில் இருப்பது அதுதான். என்னைத் தூக்கிய மனிதரிடம் ஸ்கோர் சொன்னேன் என்று எழுதினேனே, அதைக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டுதான் சொன்னேன். அவர் புரிந்துகொண்டாரா என்பதே சந்தேகம். இந்த ஊரில் கட்டித் தருகிறார்கள். நர்ஸ் ஒரு கடை காட்டினாள். கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த பற்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. நீ கட்டியதில் இடது பக்கம் ஒரு பல் கொஞ்சம் சாய்ந்திருக்கும், என் சொந்தப் பல் சாய்ந்திருந்த மாதிரியே. உன் அத்தானுக்கு அது பிடிக்கும். பல் விஷயத்தை உன் மருமகனிடம் நீயே சொல்லிவிடு.

மீட்டர் வந்தபோது நடந்ததில் ஒன்றை உனக்கு எழுதவில்லை. போகும்போது கேட்டார்: “அம்மா, பதினாலாவது வரிசை காலியா இருக்கே. நாங்க தோக்கறதாலயா வர்றதில்ல?” இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். நான் தோல்விக்குப் பயந்தவள் என்று அவர் நினைத்துக்கொண்டு போயிருப்பார். 

என்னைப் பற்றி எல்லாம் கண்டுபிடித்துவிட்டாய். இப்போது என் முறை. கடைக்குக் கம்ப்யூட்டர் வந்ததால் நீ டைப் அடிக்கவில்லை. மெழுகில் பல்லுக்கு வரி கீறுகிற கை, பேனாவை ஏன் விட்டது? எழுது.

அன்புடன்,
அக்கா

---

நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

வணக்கம். முதலில் பார்சலைப் பிரித்து, போட்டுப் பார், பிறகு படி. ஈறில் எங்காவது அழுத்தினால் எழுது. இடது பல் சாய்ந்துதான் இருக்கிறது. உன் வாயின் பிளாஸ்டர் அச்சு ஒன்பது வருடமாக என் அலமாரியில் இருக்கிறது. எத்தனை தடவை அலமாரியைச் சுத்தம் செய்தாலும் அதைத் தூக்கிப் போட்டதில்லை.

ஆனால் இதை நான் கட்டவில்லை. என் வலது கை நடுங்குகிறது. இரண்டு வருடமாகிறது. முதலில் சுண்டுவிரல், பிறகு மற்றவை. மெழுகுக் கத்தியை எடுத்தால் கத்தி தனியாக ஆடுகிறது. டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், கூடாது என்று எதையும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல என் உதவியாளப் பெண் கட்டினாள். “சார், இந்தப் பல்லை நேராக்கிடட்டுமா?” என்றாள். “தொட்டே, கொன்னுடுவேன்” என்றேன். முதலாளி நல்ல மனிதர், போகச் சொல்லவில்லை. நிறம் பார்த்துச் சொல்ல மட்டும் வைத்திருக்கிறார். காலையில் கீழே கடைக்குப் போகிறேன், சாயங்காலம் மேலே என் மாடி அறைக்கு ஏறுகிறேன். கால் இரண்டும் இரும்பு மாதிரி இருக்கின்றன. அதுதான் வேடிக்கை.

உனக்குத் தெரிந்தால் கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. பொய். உன் முன்னால் பதினெட்டு ஆட்டம் தோற்றவன், பத்தொன்பதாவதையும் தோற்கிறேன் என்று சொல்லப் பிடிக்கவில்லை.

உன் கடிதம் வந்ததும் மருமகப் பிள்ளையிடம் பேசினேன். பக்கவாதம் இல்லை, பல் என்றேன். முதலில் அழுதான், பிறகு சிரித்தான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “மாமா, கூட யாராவது இருந்தாங்கன்னா நான் ஏன் கூப்பிடப்போறேன்? தனியா விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?”  டிசம்பர் முடிய ஐந்து வாரம் இருக்கிறது.

உன் தம்பி

---

டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பல் செட் பொருந்துகிறது. ஆப்பிள் ஒன்றைக் கடித்துத் தின்றேன், முழுவதும். உன் உதவியாளப் பெண்ணுக்கு என் நன்றியைச் சொல். வேலை சுத்தம். பிறகு உன் மருமகனுக்கு நானே போன் செய்து ஐந்து நிமிடம் பேசினேன். ஒரு வார்த்தை குழறவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். வீட்டு ஒப்பந்தத்தை முடிப்பதா, புதுப்பிப்பதா என்று அவனிடம் நான் இன்னும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. அதற்கு உன் பதில் வேண்டும்.

நேற்று சீசனின் கடைசி ஆட்டம். துறைமுகமும் நாமும் மறுபடி. இந்த முறை பொய் சொல்லாமல் எழுதுகிறேன். சமையலறை ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதல் பாதி முழுவதும் நம் ஆட்கள் என் பக்கம் தாக்கினார்கள். ஐந்து கார்னர், ஒன்றும் போகவில்லை. நடுவில் தெற்கிலிருந்து ஒரு பெரிய சத்தம் வந்தது, உங்கள் ஆட்கள் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். இரண்டாம் பாதியில் வால்வு என் பக்கம் வந்து நின்றார். முப்பத்தைந்து நிமிடம் உன் துறைமுகம் அவரைப் போட்டு அடித்தது. காலால் தடுத்தார், மார்பால் தடுத்தார், ஒரு தடவை ஹெல்மெட் கழன்று உருள, வெறும் தலையோடு குறுக்கே விழுந்தார். மூடிய வால்வு, தம்பி. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஜன்னலில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அப்போது தெற்கில் மறுபடியும் சத்தம். வால்வு தன் கோலை விட்டுப் பாதி மைதானம் வரை ஓடி, கட்டடத்துக்குப் பின்னால் மறைந்துபோனார். திரும்பி வரும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒன்று ஒன்று. உங்கள் சென்டர் பேக்குக்குக் காய்ச்சல் இல்லை, கார்னர் அடிப்பவனும் இருந்தான், விசாரித்துவிட்டேன். குருட்டுப் பூனையை நீ திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு கோலுமே தெற்கில். எழுபது நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்தது கோலே விழாத ஆட்டம். எங்கள் கோலை மீட்டர் போட்டார் என்று காலையில் செய்தித்தாளில் பெயர் மட்டும் இருந்தது. இடது ஓரமாக வந்தாரா, திருப்பி அடித்தாரா, யாரைத் தாண்டினார், தெரியாது. நர்ஸைக் கேட்டால் “பந்து உள்ள போச்சாம்” என்கிறாள்.

புது விதிக்கு ஆதரவாக ரசிகர்களிடம் கையெழுத்து வாங்க வந்தார்கள். போட்டேன். பெயரைத் தெளிவாக, முழுதாக எழுதினேன். மீட்டருக்கு வலது பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். எனக்கு இது தெரிய இவ்வளவு நாள் ஆனதை யாரிடமும் சொல்லாதே.

இன்னொரு திருத்தமும் உண்டு. நீ மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தது நிஜம். ஆனால் பெட்டியைத் தள்ளியது அதற்கு முந்தைய நாள் முடிவு செய்தது. கோட்டுப் பொத்தான் நான்கையும் நானே மேலாக எடுத்து வைத்தேன், உன் கண்ணில் படும்படி.

உன் அத்தானின் படிப்பறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் தெருவைப் பார்க்கும், வெளிச்சம் உண்டு. மைதானம் இங்கிருந்து நாலு நிமிட நடை. பதினான்காம் வரிசைக்கு முப்பத்தொரு படி. ஏற உனக்குக் கால் இருக்கிறது, எழுத எனக்குக் கை இருக்கிறது. வடக்குப் பக்கத்தை நான் பார்க்கிறேன். தெற்குப் பக்கத்தை நீ பார்த்துவிட்டு வந்து சொல். நீ துறைமுகத்துக்குத்தான் கை தட்டுவாய், தட்டிக்கொள். என் எதிரில் வேண்டாம்.

இது உன் மேல் இரக்கப்பட்டு எழுதியதல்ல. எனக்கு ஆள் வேண்டும்.

வருகிறாயா இல்லையா என்பதை இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தெரிவி. போன் வேண்டாம், டைப் வேண்டாம். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, உன் கையால் ஒரு வரி எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா